லாத்தா குடித்த இரும்பு

மீன் பொரிக்கும் சட்டியைப் பார்த்தபோதுதான் அந்த எண்ணம் எனக்கு வந்தது. அடுப்பிலிருந்து இறக்கிவைத்த இரும்புச் சட்டியின் பக்கத்தில் என் அக்கா, நாங்கள் லாத்தா என்று கூப்பிடுகிறவள், கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். சட்டியும் கையும் ஒரே நிறமாக இருந்தன. கருப்பு என்று சொல்ல முடியாது, சாம்பல் பூத்த மாதிரி ஒரு நிறம். லாத்தா கொஞ்சம் கொஞ்சமாக இரும்பாகிக்கொண்டிருக்கிறாள்! முதுகில் யாரோ ஈரக் கையை வைத்தது போலிருந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. லாத்தாவுக்குச் சோகை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே கஞ்சி போல வெளுத்திருக்கும். தினமும் காலையில் உம்மா ஒரு பழைய லாடத்தை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி மோருக்குள் போடுவாள். மோர் சீறி அடங்கும். துரு வாடை அடிக்கும் அதை லாத்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். போதாததற்கு வைத்தியர் கொடுத்த அயச்செந்தூரம் என்ற இரும்புப் பொடி, தேனில் குழைத்து இரண்டு வேளை. இரும்பு உள்ளே போகப் போக ரத்தம் ஊறும் என்று உம்மா நம்பினாள். இமைக்குள் வெளுப்பு வெளுப்பாகவே இருந்தது, தோல் மட்டும் கருத்துக்கொண்டு போனது. இடப்பக்க விலாவுக்குக் கீழே வயிறு கல் மாதிரி கட்டிக்கொண்டிருந்தது. என் கையை இழுத்து அதன்மேல் வைத்து, "உள்ள யாரோ படுத்திருக்காங்கடா" என்று லாத்தா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

உம்மாவின் தம்பி, என் மாமா, சைகோன் கப்பலில் வேலை பார்த்துவிட்டு விடுப்பில் வந்திருந்தார். அவர் பெட்டியில் உள்ளங்கையளவு திசைகாட்டி ஒன்று இருந்தது. இரும்பைக் கண்டால் காந்த முள் திரும்பும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது போதும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு உறங்கிய நேரத்தில், அதை எடுத்துக்கொண்டு பாயில் படுத்திருந்த லாத்தாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன்.

முள் வடக்கை விட்டு மெதுவாகத் திரும்பி லாத்தாவைப் பார்த்து நின்றது. நின்று நடுங்கியது. நான் அந்தப் பக்கம் போனேன். முள்ளும் திரும்பி அவளையே பார்த்தது. லாத்தாவின் கண் பாதி திறந்திருந்தது. மூச்சு விடுவதே தெரியவில்லை.

"உம்மா! லாத்தா இரும்பாயிட்டா!"

உம்மாவும் மாமாவும் ஓடி வந்தார்கள். திசைகாட்டியைப் பார்த்ததும் உம்மாவின் முகம் செத்துவிட்டது. லாத்தா எழுந்து உட்கார்ந்தாள். பயப்பட வேண்டியவள் அவள்தான், ஆனால் அவள் முகத்தில் அப்படியொரு ஆசை.

"அப்ப எனக்குள்ள நெறய இருக்குல்ல உம்மா? இனிமே குடிக்க வேணாம்ல?"

உம்மா மாமாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் போலத்தான் இருந்தது.

மாமா தலையணையைத் தூக்கினார். அடியில் பாக்குவெட்டி கிடந்தது. காத்துக் கருப்பு அண்டாமலிருக்க உம்மாவே வைத்தது.

"நீ வச்ச இரும்பப் பாத்து நீயே பயப்புடுறியே! டேய், கப்பல்ல ஆணிக்கிட்ட காட்டுனாலும் முள்ளு இப்படித்தான்டா ஆடும். வந்துட்டாரு பெரிய எஞ்சினீரு!"

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். பாக்குவெட்டியை எடுத்த பிறகு முள் எந்தப் பக்கம் திரும்பியது என்று யாரும் பார்க்கவில்லை. லாத்தா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வடக்கே திரும்பியிருக்கும், உடம்பில் கலந்த இரும்புக்கு முள் திரும்பாது என்று இன்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் மோர் மறுபடி சீறியது.

அந்த மழைக்காலத்தில் காலும் வயிறும் வீங்கி லாத்தா மௌத்தானாள்.

இப்போது மருத்துவம் படிக்கிறேன். என் சோதனை தப்பு. ஆனால் அது சொன்ன பதில் சரியாக இருந்திருக்கலாம் என்று தோன்றும்போது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே நடக்கப் போய்விடுகிறேன். ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கும் புரதம் சில குடும்பங்களில் பிறவியிலேயே குறைந்தோ மாறியோ அமைகிறது. அப்படிப்பட்ட உடம்பில் இரும்புக்குப் பஞ்சமில்லை, அதை ரத்தமாக்கத்தான் வழியில்லை. ரத்தம் குறைகிறதே என்று குடல் மேலும் மேலும் இரும்பை உறிஞ்சும். அதெல்லாம் ஈரலிலும் இதயத்திலும் தோலிலும் போய்த் தங்கும். நாங்களோ மேலே மேலே ஊற்றினோம். லாத்தாவுக்கு இதுதான் என்று உறுதியாகச் சொல்ல இனி வழியில்லை. அன்றைக்கு எனக்குப் புரியாதது இன்னொன்றும் உண்டு. இது வாப்பா வழியில் பாதியும் உம்மா வழியில் பாதியும் வந்து சேரும். கொடுத்த இருவரும் கொஞ்சம் வெளுத்திருப்பார்கள், அவ்வளவுதான். நடமாடிக்கொண்டிருப்பார்கள். வாப்பாவும் உம்மாவும் மாமி மகன், மாமா மகள்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் என் தங்கைக்கும் மாமாவின் மகனுக்கும் நிக்காஹ் பேசியிருக்கிறார்கள். சொந்தத்தை விட்டுப் பெண் கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மாப்பிள்ளை நல்ல வெளுப்பு என்று ஊரே மெச்சுகிறது. அவன் உள்ளங்கையை நான் பார்த்தேன், அதிலும் சிவப்பில்லை.

ரத்தம் கொண்டுவந்தால் சோதித்துப் பார்க்கலாம் என்று எங்கள் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். இந்த விடுமுறைக்குச் சீசாக்களும் ஊசியும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன். தங்கை சரி என்றுவிட்டாள். சம்பந்தம் பேசிய வீட்டில் போய் மாப்பிள்ளையின் ரத்தத்தைக் கேட்டால் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. அதனால், உம்மாவுக்கு வந்தது அவள் தம்பிக்கும் வந்திருக்கலாம் என்று, முதலில் மாமாவிடம்தான் கையை நீட்டச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.