இன்னொருத்தி பெயருக்கு அம்மா கை தூக்கிய நாள்

மருத்துவமனைத் திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிவப்பாக மாறியபோது நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மலேசியாவில், ஈப்போ நகரில் நாங்கள் வழக்கமாகப் போகும் தனியார் மருத்துவமனை அது. காலை ஒன்பது மணி இருக்கும். வரிசை எண் காட்டும் பெரிய திரையிலும் கவுண்டரில் இருந்த கணினிகளிலும் ஒரே ஆங்கில வாசகம்: உங்கள் கோப்புகள் எங்கள் கையில். ஏதோ விளம்பரம் என்று நினைத்துவிட்டேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்திருந்தோம். பக்கத்து நாற்காலியில் அம்மாவின் தோழி. நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். இருவரும் சித்தியவான் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு ஈப்போவில் ஒரே தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தவர்கள். பெரியம்மாவுக்கும் காலில் புண்தான், ஆனால் சீழ் வைத்துவிட்டதால் அன்று பென்சிலின் ஊசி போட வேண்டும்.

அம்மாவுக்குப் பென்சிலின் அறவே ஆகாது. பல வருடங்களுக்கு முன் ஒரு ஊசியில் தொண்டை வீங்கி மயிரிழையில் தப்பினாள். அப்போது கொடுத்த மஞ்சள் அட்டையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, போகிற இடமெல்லாம் கொண்டுபோவாள். எனக்கு அது மானக்கேடாக இருந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினியோடு மல்லுக்கட்டுகிற மேதாவி அல்லவா நான்! “இப்ப யாரும்மா அட்டையெல்லாம் பாக்குறா? எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. கேட்டா அதையே சொல்லு” என்று அந்த அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். தாதிகளிடம், அம்மா பேச்சில் மிஸிகளிடம், சொல்ல அந்த வரியை மலாயிலும் கற்றுக்கொடுத்தேன். அம்மா நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

திரைகள் போய் எந்த நோயாளியின் பதிவும் திறக்காததால் ஊழியர்கள் வெள்ளைத் தாளில் பெயர்களை எழுத ஆரம்பித்தார்கள். எண்ணுக்குப் பதிலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று சண்டை போட நான் கவுண்டருக்குப் போனேன். பெரியம்மா கழிவறைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தாதி வாசலில் நின்று பெரியம்மாவின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறாள். அம்மா கை தூக்கிக் குரல் கொடுத்துவிட்டாள்.

தோட்டத்துப் பழக்கம் அது. விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் தோட்டத்துக் கணக்கர், கிராணி, பெயர் வாசிப்பார். குரல் வராவிட்டால் பெயர் அடிபடும், அன்றைக்கு வேலை இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவளுக்காகப் பக்கத்தில் நிற்பவள் குரல் கொடுத்துவிடுவாள். அம்மாவும் பெரியம்மாவும் வருடக்கணக்கில் ஒருவருக்கொருவர் இப்படிச் செய்தவர்கள்.

தாதி அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். தன் கட்டைத்தான் மாற்றப் போகிறார்கள் என்று அம்மாவும் போனாள். தாளில் கால் புண், பென்சிலின் ஊசி என்று இருந்தது, எதிரில் கால் புண்ணோடு ஒரு தமிழ்ப் பெண். மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று தாதி கேட்டாளாம். பதிலைச் சரிபார்க்கத் திரை இல்லை.

நான் திரும்பியபோது நாற்காலி காலி. பெரியம்மா சேலையைச் சரிசெய்துகொண்டே வந்தார். வரிசையில் இருந்தவர்கள் அவரிடம் ஏதோ சொன்னார்கள். “என் பேரக் கூப்பிட்டாங்களாம்லா. உங்கம்மா எனக்காகக் குரல் குடுத்துட்டு உள்ள போயிருக்காளாம்” என்று சிரித்தார்.

ஓடினேன். கதவைத் திறந்தபோது அம்மாவின் முகம் அம்மாவின் முகமாக இல்லை. கண்கள் வீங்கி மூடியிருந்தன. தொண்டையிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். “பென்சிலின் ஆகாது! ஆகாது!” என்று கத்தினேன். மருத்துவர் ஓடிவந்து மாற்று ஊசி போட்டார். அம்மாவின் மூச்சு சீராகும் வரை என் மூச்சு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மூலையில் தாதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பயங்கரவாதம் என்றால் குண்டு வெடிக்கும், புகை வரும் என்று நினைத்திருந்தேன். எந்த நாட்டிலோ உட்கார்ந்து விசையைத் தட்டியவனுக்கு என் அம்மா என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. அவன் பாதி வழி வந்தான். மீதி வழியில் கதவைத் திறந்துவைத்தது நான். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மாலை வார்டில் அம்மா கண் விழித்தாள். உதடு இன்னும் தடித்திருந்தது.

“ஏம்மா குரல் குடுத்தே?”

“அவ பேர அடிச்சிருவாங்கல்லா” என்றாள். பிறகு, “மிஸி மருந்து பத்திக் கேட்டாங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு மலாய்லயே சொன்னேன். நீ சொல்லிக் குடுத்தபடிதான். சரியாத்தானே சொன்னேன்?” என்று கேட்டாள்.

சரியாகத்தான் சொன்னாய் என்று தலையாட்டினேன்.