அண்ணனின் பாஸ் பெட்டி

பவானிபூர் வீட்டில் அண்ணன் வாசிக்கத் தொடங்கினால் முதலில் காதுக்கு எட்டுவது இசையல்ல, அடுக்களையில் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கும் கிணுகிணுப்புதான். "ஏலே, சத்தத்தக் கொற, பாத்திரமெல்லாம் பதறுது" என்று அம்மா கத்துவாள். துறைமுக வேலையில் மாற்றலாகித் திருநெல்வேலியிலிருந்து எங்களை இந்த வங்காள நகரத்துக்குக் கூட்டிவந்திருந்த அப்பா, செய்தித்தாளை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில். அண்ணன் கல்லூரியில் படித்தபடி, "பாடா" என்று எல்லோரும் சொல்லும் எங்கள் தெருவட்டாரத்து இசைக்குழுவில், கீழ்ச்சுரங்களுக்கான பாஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான்.

ஒரு மழைநாளில் பேருந்துக் கதவில் அவன் இடக்கை சிக்கியது. கட்டுப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். "கை போனா காரியம் நின்னுருமால?" என்று அப்பா தேற்றினார், ஆனால் அவர் மனதிலிருந்த காரியம் வங்கித் தேர்வு. அண்ணன் கிதாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் பேச்சையும் குறைத்துக்கொண்டான்.

குழுவில் டிரம்ஸ் வாசித்த புபாய்தாதான் பழைய பாஸ் சிந்தசைசர் ஒன்றைத் தூக்கிவந்தார். கட்டைகளே இல்லாத, முகப்பு முழுக்கக் குமிழ்கள் கொண்ட அனலாக் பெட்டி. சூடேறினால் சுருதி நழுவும். அண்ணன் அதைக் கணினியோடு "மிடி" கம்பியால் இணைத்தான். அந்தக் கம்பியில் ஓசை போகாது, எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்ற கட்டளை மட்டுமே போகும், ஓசையைப் பெட்டிதான் எழுப்பும் என்று விளக்கினான். "எனக்கு வெரல் மடங்கலன்னா என்னட்டி, இனிமே கம்ப்யூட்டர்தான் எனக்கு வெரலு." வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு சுரமாகப் பதித்தான்.

ஒத்திகையில் புபாய்தா பாதியில் நிறுத்தினார். "ஏ தோ மெஷின் பாஜாச்சே, துயி கோத்தாய்?" மெஷின்தானே வாசிக்கிறது, நீ எங்கே என்ற அந்தக் கேள்வியில் அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. பாட்டை மறுபடி ஓடவிட்டு, வலக்கையால் ஒரு குமிழைப் பிடித்தான். திருப்பத் திருப்ப, மூடிய வாய்க்குள் முனகிக்கொண்டிருந்த பெட்டியின் குரல் வாய் திறந்தது. பாடகர் தாழ்ந்த இடத்தில் அடங்கியது, டிரம்ஸ் எழுந்த இடத்தில் உறுமியது. புபாய்தா குச்சிகளை எடுத்துக்கொண்டார். அந்த வருஷத்துப் பூஜை மேடையில் அவன் அப்படி வாசித்ததை, சத்தம் ஆகவே ஆகாத அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவனுக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டதென்று நாங்கள் மூச்சுவிட்ட பிறகுதான் நிலைமை மோசமானது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவனை உடலாகத்தான் தூக்கிவந்தோம்.

இப்போது அப்பாவும் இல்லை, அந்த வீடு இருந்த இடத்தில் துணிக்கடை, புபாய்தா பெங்களூரில். நியூ டவுன் அடுக்ககத்தில் நானும் அம்மாவும் இருக்கிறோம். சமீபத்தில் பெட்டியைப் பழுதுபார்த்து, அவன் சுரங்களைப் பதித்துவிட்டுப்போன மிடி கோப்பைக் கணினியில் ஓடவிட்டேன். ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. ஆனால் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே குரல். குமிழை அவன் கை திருப்பியது கணினிக்குத் தெரியாமல் நடந்த காரியம், எங்கும் பதிவாகவில்லை. நானே திருப்பிப் பார்த்தேன். எங்கே திறப்பான், எங்கே அடக்குவான் என்பதெல்லாம் எனக்கு நினைவிருப்பதாகவே இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். இல்லை.

"இன்னொரு தடவ போடட்டுமாம்மா?" என்றேன்.

"வேண்டாம்ட்டி" என்றாள் அம்மா. "இதக் கேட்டுக்கேட்டு, மனசுல இருக்கறதும் அழிஞ்சிரும்."