பலெர்மோவில் சுவரிலிருந்து இறங்கிய கனடா எம்பி

இன்று இத்தாலியில், எங்கள் பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் கறிவேப்பிலை வாங்கப் போனேன். கடைக்காரர் அருள் சுவரிலிருந்த கனடா எம்பியின் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். எம்பி இனித் தேர்தலில் நிற்கமாட்டாராம்.

இரண்டு முறை வென்ற தமிழர். நான்கு வருடங்களுக்கு முன் பலெர்மோவுக்கு வந்து, மாதா கோயில் மண்டபத்தில் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார். எங்களில் ஒருவருக்கும் கனடாவில் வாக்கு இல்லை. ஆனாலும் "எங்கடை எம்பி" என்று வரிசையில் நின்று பொன்னாடை போர்த்தினோம்.

ஸ்டெல்லா அக்கா பொன்னாடையோடு ஒரு பைலும் கொடுத்தார். அவருடைய மகளின் அகதி வழக்கு கனடாவில் இழுபடுகிறது. பைலுக்குள் இருந்த ஆங்கிலக் கடிதம் நான் எழுதியது. வேறு தொகுதியில் இருக்கும் பிள்ளைக்கு அவர் ஒன்றும் செய்யமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியும். சொல்லவில்லை.

அக்காவும் இன்று கடையில் நின்றார். அருளைக் கேட்டார்.

"தம்பி, அப்ப என்ர பைல் இனி ஆரிட்டை?"

"எந்தப் பைல் அக்கா? அண்டைக்கு மண்டபம் கூட்டித் துடைச்சது நான்தானே. எல்லாம் கதிரைக்குக் கீழை கிடந்தது. அள்ளிக் குப்பையிலை போட்டன்."

பின்னால் நின்ற இருவர் சிரித்தார்கள்.

"பொன்னாடையுமோ?" என்றார் அவர்களில் ஒருவர்.

"சீச்சீ, அது நல்ல துணி. என்ர மனிசி வீட்டு யன்னலுக்குத் திரையாப் போட்டிருக்கிறா."

அக்கா படம் தொங்கிய வெறும் ஆணியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அடுத்து வாறவருக்கும் ஒரு கடிதம் எழுதித் தருவீரோ?"

"ஓம் அக்கா" என்றேன்.

அந்தத் தொகுதியில் அடுத்து யார் நிற்கிறார் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கடிதம் என் கணினியில் அப்படியே இருக்கிறது. பெயரை மாற்ற வேண்டும். மகளின் வயதையும்.