டோனட் கடையில் நடந்த விசாரணை

என் அப்பா கனடாவில் எடுத்த ஒரே சோதனை அகதி வழக்கு விசாரணைதான். அதில் அவர் முதல் தடவையே பாஸ். அதற்குப் பிறகு, வெக்ஸ்போர்ட் பகுதியில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் யாருக்கு விசாரணைத் திகதி வந்தாலும் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். அப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் நீதிபதியாக அமர்வார். எப்போது ஊரை விட்டு வெளிக்கிட்டீர், ஏன் வெளிக்கிட்டீர், திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று வந்தவரைத் துருவித் துருவிக் கேட்பார். தன்னிடம் பயிற்சி எடுத்த ஒருவரும் தோற்கவில்லை என்பார் அப்பா. இரண்டு பேர் தோற்றார்கள் என்பார் அம்மா.

நான் உயர்பள்ளியில் கடைசி வருடம் படிக்கும்போது, கனடா எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். தெரிவானால் முழுச் செலவையும் அவர்களே பார்ப்பார்கள் என்று கணித ஆசிரியை சொல்லியிருந்தார். எனக்கு அந்த இடம் வேண்டும். சும்மா ஆசை இல்லை, வெறி. தம்பிமார் இருவரோடும் ஒரே அறையைப் பங்குபோட்டு, அவர்களுடைய ஹொக்கிச் சப்பாத்து நாற்றத்தில் படித்தவளுக்குத்தான் அந்த வெறி விளங்கும்.

ஒரு நாள் தொலைபேசி வந்தது. ஒஷாவாவில் இருக்கும் ஒரு பல் டொக்டர். அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவி. அங்கே அப்படி ஒரு வழக்கம் இருந்தது. விண்ணப்பித்த பிள்ளையை அந்தந்த ஊரில் உள்ள பழைய மாணவர் ஒருவர் சந்தித்துப் பேசி, ஆள் எப்படி என்று எழுதி அனுப்புவார். சனிக்கிழமை தன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள டோனட் கடைக்கு வர முடியுமா, சும்மா கதைக்கலாம் என்றார். நான் சந்தோஷத்தில் குதித்தேன். அப்பாவின் முகம் இருண்டது.

"டோனட் கடையிலயோ? உது தந்திரம் பிள்ளை. டோனட்டைத் தந்து வாயைக் கிளறுவினம்."

"அப்பா, இது இன்ரவியூ. அகதி ஹியரிங் இல்லை."

"ரெண்டும் ஒண்டுதான். ஒரு வெள்ளைக்காரி கேள்வி கேப்பா, நீ மறுமொழி சொல்லுவாய், பிறகு ஒரு கடிதம் வரும். இதில என்ன வித்தியாசம்?"

அன்று மாலையே பயிற்சி தொடங்கியது. கேட்டதற்கு மட்டும் மறுமொழி. ஒரு சொல் கூடக்கூடாது. ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்டாலும் ஒரே பதில். தெரியாவிட்டால் தெரியாது. முக்கியமாக, பல்லைக் காட்டக்கூடாது. "சிரிக்கிற ஆளுக்கு என்ன பிரச்சினை எண்டு நினைப்பினம்" என்றார் அப்பா. அம்மாவை எதிர்த்தரப்பு அதிகாரியாக நியமித்தார். அம்மா கிடைத்த சந்தர்ப்பத்தை விடவில்லை. குசினிப் பக்கம் எட்டியும் பார்க்காதது ஏன், உடுப்பை மடித்து வைக்காதது ஏன் என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்து தீர்த்தார்.

சனிக்கிழமை காலை மூவரும் காரில் ஒஷாவாவுக்குப் புறப்பட்டோம். தம்பிமாரைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் விட்டிருந்தோம். அப்பா தன் விசாரணைக்குப் போட்ட கோட்டைப் போட்டிருந்தார். அம்மாவின் மடியில், உறைப்பு இறைச்சி அடைத்துப் பொரித்து வெள்ளித்தாளில் சுற்றிய ரோல்ஸ் சூடாக இருந்தது.

"உதென்னத்துக்கு? லஞ்சம் எண்டு நினைப்பினம்" என்றார் அப்பா.

"ஒரு ஆளைப் பாக்கப் போகேக்க வெறுங்கையோட போறதோ? ரோல்ஸ் என்னெண்டு லஞ்சமாகும்? நீங்கள் ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ."

கடைக்குள் என்னைத் தெரியாதவர்கள் போல் இருக்க வேண்டும் என்று இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். அவர்களும் சொன்னபடி எனக்குப் பின்னால், அடுத்த மேசையில், ஒரு தேத்தண்ணியை இருவருமாகப் பகிர்ந்துகொண்டு இருந்தார்கள். அந்தக் கடையில் கோட்டும் சூட்டும் போட்ட மனிதர் அப்பா ஒருவர்தான்.

பல் டொக்டர் நரைத்த தலைமுடியும் கம்பளிச் சட்டையுமாக வந்தார். நல்ல சிரிப்பு. உன்னைப் பற்றிச் சொல்லேன் என்றார்.

நான் நிமிர்ந்து இருந்து முழுப் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தந்தை பெயர், ஊரை விட்டு வெளிக்கிட்ட திகதி, வந்த வழி எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவருடைய பேனா அந்தரத்தில் நின்றது. பொழுதுபோக்காக என்ன செய்வாய் என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஒத்திகை இல்லை. "தெரியாது" என்றேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் உனக்கு என்ன பிடித்தது? "எல்லாம்." உன் நண்பர்கள் உன்னை எப்படிப்பட்டவள் என்பார்கள்? "அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்." பின்னாலிருந்து அப்பா மெல்லச் செருமியது கேட்டது. அது பாராட்டு. வீட்டில் ஓயாத என் வாய் இங்கே ஒட்டிப்போய்க் கிடந்தது. என் இடம் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

பல் டொக்டர் என் தோளுக்கு மேலாகப் பார்த்து, நீ பேசும்போதெல்லாம் அந்த மனிதர் தலையாட்டுகிறாரே, உனக்குத் தெரிந்தவரா என்று கேட்டார்.

"என் அப்பா" என்றேன். மானம் கப்பலேறிவிட்டது.

பல் டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா அம்மா இருவரையும் எங்கள் மேசைக்குக் கூப்பிட்டார். அம்மா வந்த வேகத்தில் ரோல்ஸைப் பிரித்தார். அப்பா பையிலிருந்து என் பிறப்புப் பத்திரம், அதன் மொழிபெயர்ப்பு, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக மேசையில் அடுக்கினார். பல் டொக்டர் ஒரு ரோல்ஸைக் கடித்தார். முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர். ஆனால் இரண்டாவதையும் எடுத்தார். பிறகு அப்பாவிடம், உங்கள் மகளைப் பற்றி நீங்களே சொல்லுங்களேன் என்றார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் வரும். ஆனால் விசாரணை என்றால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாய் திறக்க மாட்டார். என்னைப் பார்த்து, "நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. கூட்டாதை, குறைக்காதை" என்றார். என்னைப் பற்றி நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"இவளுக்குச் சரியான வாய். கணக்கு வராட்டிச் சாப்பிட மாட்டாள், எங்களையும் சாப்பிட விடமாட்டாள். குளிருக்குள்ள பில்டிங்கில ஹீற் இல்லையெண்டு, பில்டிங் பாக்கிற சுப்பரின்டன்ற் வீட்டு வாசல்ல போய்க் குந்தியிருந்தவள். அவன் வந்து ஹீற்றைப் போட்ட பிறகுதான் எழும்பினவள். இண்டைக்கு இப்பிடி ஊமை மாதிரி இருக்கிறதுக்குக் காரணம் நான்தான். நான்தான் வாயைத் திறக்காதை எண்டனான்."

கடைசி இரண்டு வசனத்தையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். பல் டொக்டர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஹீற் சண்டையைப் பற்றிக் கேட்டார். நான் பேசத் தொடங்கினேன். தொடங்கினால் நிறுத்தத் தெரியாது என்பது அன்றைக்கு அவருக்கும் தெரிந்துபோனது. அம்மா இடையிலே, "மூச்சு விடு பிள்ளை" என்றார்.

கிளம்பும் நேரம் பல் டொக்டர் அப்பாவின் கையைக் குலுக்கினார். இலைதுளிர் காலத்தில் அந்த வளாகம் அவ்வளவு அழகாக இருக்கும், மகள் அங்கே போனால் நீங்கள் கட்டாயம் வந்து பார்க்க வேண்டும் என்றார்.

"படிக்கிற பிள்ளைக்குக் குடுப்பினம், எங்களுக்கு விசா தரமாட்டினம். அங்க ஒரு சொந்தக்காரரின்ர கலியாணத்துக்குக் கேட்டுப் பாத்தனாங்கள். தரேல்லை."

மொழிபெயர்த்தேன். அப்படியென்றால் இவள் அங்கே போனால் உங்களால் போய்ப் பார்க்க முடியாதா என்று அவர் கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன்.

"ஓம், ஏலாது" என்றார் அப்பா.

இத்தனை மாதமாக அங்கே போவதைப் பற்றி மட்டுமே யோசித்த எனக்கு, இது அதுவரை தோன்றவே இல்லை. அப்பாவுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டுதான் மேசையில் அமர்ந்து கேள்வி கேட்டிருக்கிறார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். வாய்க்காரி அழுகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியக்கூடாது.

பனி கரைந்த பிறகு தடித்த உறை ஒன்று வந்தது. இடமும் கிடைத்தது, செலவும் அவர்களே. தம்பிமார் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள், அறை தங்களுக்கு என்று. அம்மா அழுதுகொண்டே பாயாசத்துக்குச் சவ்வரிசி தேடினார். அப்பா மட்டும் தெரு வரைபடத்தை மேசையில் விரித்து வைத்து விரலால் எல்லை வரை கோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பாக்கிறியள்?"

"போடருக்கு எந்த ரோட்டு கிட்ட எண்டு பாக்கிறன்" என்றார், தலையை நிமிர்த்தாமல். "அதுவரைக்கும் உன்னை நான் கொண்டு வந்து விடலாம்தானே."