படகுக்கு அடியில் தெரிந்த கால்கள்

அந்த அருங்காட்சியகத்தில் அவளைப் ‘படகு அக்கா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பது அவளுக்கே சில சமயம் மறந்துபோகும். படகு அறையின் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் படகில் கை வைக்காமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சேதி. “தொடாதீங்க” என்ற ஒரே சொல்லை நாள் முழுக்க, கோபம் எட்டிப் பார்க்காமல், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும்.

படகு என்றால் ஏதோ கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்குகிற பொம்மை இல்லை. ஒரு காலத்தில் கடலில் மீன் பிடித்த மரப்படகு, அறையை அடைத்துக்கொண்டு முழங்கால் உயரக் கட்டைகளின்மேல் நிற்கிறது. கணவர் இறந்த பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாமல் போனது. மகள் நேராக இங்கே வந்துவிடுவாள். புத்தகப் பையைத் தலைக்கு வைத்துப் படகுக்கு அடியில் படுத்துக்கொள்வாள். அங்கிருந்து பார்த்தால் மனிதர்களே கிடையாது, எல்லாம் கால்கள்தான்.

“அம்மா, இப்ப வர்றவருக்கு ஷூ கடிக்குது” என்று அடியிலிருந்து குரல் வரும். “இவங்க கழிவறையைத் தேடி வந்திருக்காங்க, வழி சொல்லிடு.” பாதி நேரம் அது சரியாகவே இருக்கும். படகு அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, உத்தியோக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல சாயங்காலங்கள் அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த மகள் இப்போது கடல் தாண்டி வேலையில் இருக்கிறாள். நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போனவள் போனவள்தான். அடுத்த லீவுக்கு வருகிறேன், அடுத்த வருஷம் கட்டாயம் என்று நாள் கடத்திக்கொண்டே இருந்தாள். ஃபோனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பேச்சு முடிந்து திரை இருண்டதும், சமையலறையின் நிசப்தம் படகு அக்காவைப் போட்டு அழுத்தும். ‘என்னைப் பார்க்க வாடி’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம்தான். நாக்கு எழவில்லை. பிள்ளையின் காலைக் கட்டிப்போடுகிற அம்மா என்று பேர் வாங்க அவளுக்கு இஷ்டமில்லை. அதனால் சுற்றி வளைத்துக் கேட்பாள்.

“படகை ஒரு தடவை வந்து பாரேன். பலகைக்கெல்லாம் புதுசா எண்ணெய் பூசியிருக்காங்க. வாசனை ஆளைத் தூக்குது.”

“வர்றேம்மா, வர்றேன்.”

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேலாளருக்குப் புது யோசனை வந்தது. எல்லா அறைகளையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே உலகம் பார்க்கட்டும். கேமராக்காரர் வந்தார், மூன்று கால் தாங்கியைப் படகுக்கு முன்னால் ஊன்றினார், கேமரா தானே ஒரு சுற்று சுற்றும் என்றார்.

“அக்கா, நீங்க வெளிய போயிடுங்க. ஆள் யாரும் படத்துல வரக் கூடாது.”

அங்கேதான் வந்தது சிக்கல். நாற்காலிக்கு மாற்று ஆள் வராமல் அறையை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது என்பது அந்தக் கட்டடத்தின் சட்டம். வேலையில் சேர்ந்த அன்று மண்டையில் ஏற்றியது, இறங்கவே இல்லை. மாற்றிவிட வேண்டிய பக்கத்து நாணய அறைக்காரரோ டீ குடிக்கப் போயிருந்தார். கேமராக்காரரிடம் சட்டம் பேசி என்ன ஆகப்போகிறது என்று, அவர் வாசல் பக்கம் நகர்ந்ததும் படகு அக்கா சத்தமில்லாமல் படகுக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்து நின்றுகொண்டாள். ஷூ ‘டக் டக்’கென்று காட்டிக்கொடுத்துவிடும் என்று அதையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். படகுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்குத் திறந்தவெளி இருப்பது மட்டும், மகள் அத்தனை வருஷம் படுத்துக் கிடந்த இடம் இருப்பது மட்டும், அந்தப் புத்திசாலிக்கு நினைவு வரவில்லை.

படங்கள் இணையத்தில் ஏறின. கூட்டம் குறைந்தது. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைக் கூட்டி வருவதை நிறுத்திக்கொண்டன. வகுப்பிலேயே காட்டிவிடுகிறார்களாம். “தொடாதீங்க” என்று சொல்லக்கூட ஆள் இல்லாமல் வாய் நமநமத்தது அவளுக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வாரம் மகள் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“அதான் படகு ஃபோன்லயே வந்துடுச்சேம்மா. தினமும் பாக்குறேன்.”

படகு அக்காவுக்கு வயிறு எரிந்தது. மகளை வரவழைக்க அவளிடம் இருந்ததே அந்தப் படகு ஒன்றுதான். அதையும் இவர்கள் பெட்டியில் போட்டு மகள் கைக்கே அனுப்பிவிட்டார்கள். இனி எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

எரிகிற நேரம் பார்த்து நாணய அறைக்காரர் ஃபோனும் கையுமாக வந்தார். முகமெல்லாம் பல்.

“அக்கா, நீங்க இங்கயே உக்காந்திருக்கீங்க, உங்க கால் மட்டும் உலகம் சுத்துது பாருங்க.”

பார்த்தாள். படகுக்கு அடியில், அந்தப் பக்கம், தெள்ளத் தெளிவாக இரண்டு வெறுங்கால்கள். வெடித்த குதிகால், பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் விரல், தோரணையாக ஒரு ஜோடி ஷூ வேறு. மானம் கப்பலேறிவிட்டது. எத்தனை பேர் பார்த்தார்களோ என்று அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே கேமராக்காரரைப் பிடித்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அந்தக் கால்களை அழிக்க வைத்தாள். அவரும் என்னென்னவோ தட்டினார். கால்கள் இருந்த இடத்தில் வெறும் தரை வந்தது. அப்பாடா என்றிருந்தது.

அடுத்த நாள் மத்தியானம், அறையில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், ஃபோன் அடித்தது. வேலை நேரத்தில் மகள் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. அவசரமாக எடுத்தாள்.

“அம்மா, கால் எங்க?”

“எந்தக் கால்?”

“உன் கால். படகுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சே. இன்னைக்குக் காணோம்.”

“அது என் கால்னு உனக்கு யாரு சொன்னா?”

“யாராவது சொல்லணுமா? அடியில படுத்துக்கிட்டு வேற எதைப் பாத்தேன் நான்?” மகள் விடாமல் தொடர்ந்தாள். “ஃபோன்ல நீ எனக்காக மூஞ்சியைச் சரி பண்ணிட்டு வர்ற. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்ற. அந்தக் காலுக்குப் பொய் சொல்லத் தெரியலம்மா. தினமும் வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுத்தான் போவேன்.”

“படகைப் பாக்குறேன்னுதானே சொன்ன?”

“படகை யாரு பாத்தா.”

படகு அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான்தான்டி அழிக்கச் சொன்னேன். அசிங்கமா இருந்துச்சு.”

மகள், சின்ன வயசில் தின்பண்டம் கேட்கிற அதே குரலில் கேட்டாள். “சரி, அதே இடத்துல நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு. ஷூ இல்லாம.”

மகள் கேட்டு அவள் இல்லையென்று சொன்னதே கிடையாது. எழுந்து போனாள். படகுக்கு அந்தப் பக்கம் நின்று ஷூவைக் கழற்றினாள். தரை சில்லென்றிருந்தது. ஃபோனைக் கீழ்நோக்கிப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இதை அனுப்பினால், இதுவும் போய்ச் சேர்ந்துவிடும். அவள் மட்டும் வர மாட்டாள்.

“அனுப்ப மாட்டேன்.”

“என்னம்மா?”

“கால் இங்கதான் இருக்கு. பாக்கணும்னா நேர்ல வா.” குரல் உடைந்தது, அவள் அதை மறைக்கவில்லை. “படகைப் பாக்க வேணாம். என்னைப் பாக்க வா. எனக்கு உன்னைப் பாக்கணும்போல இருக்கு. ரொம்ப நாளா இருக்கு.”

சொல்லியிருக்கக் கூடாதோ, இத்தனை வருஷம் அடக்கி வைத்ததை இப்படிக் கொட்டிக் கவிழ்த்துவிட்டோமோ என்று ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அம்மா” என்றாள் மகள் கடைசியில். “ஞாயித்துக்கிழமை தொறந்திருக்குமா?”

முன்பின் தெரியாத எத்தனையோ பேர் அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டுப் போன கேள்வி. பழக்கத்தில் வாய் தானாகப் பதில் சொன்னது.

“திங்கக்கிழமை மட்டும்தான் லீவு. மத்த நாளெல்லாம் தொறந்திருக்கும்.”

சொல்லி முடித்த பிறகுதான் கேட்டது யார் என்று உறைத்தது. படகின் பலகையை, யாரையும் அவள் தொட விடாத பலகையை, கையால் பிடித்துக்கொண்டு படகு அக்கா அழுதாள்.