கேத்தல்காரன் எதற்கு வந்தான்

அந்தப் படத்தில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் பெரிய கேத்தல் ஒன்று பறந்து வரும். மூக்கின் வழியே ஆவி விட்டுக்கொண்டு, மலைகளைத் தாண்டி, ஒரு சின்ன ஊரின் நடுவில் இறங்கும். மூடியைத் தள்ளிக்கொண்டு நீளத் தொப்பி போட்ட மனிதன் ஒருவன் எழுந்து நிற்பான். பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதற்காகவே எடுக்கப்பட்ட படம் அது என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் பார்த்த படங்களிலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பதுளைக்கு மேலே, நமுனுகுல மலைச்சரிவில் இருந்த தோட்டமொன்றில், தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயம். எனக்கு ஒன்பது வயது. லயத்துக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. கடைசி வீட்டில் இருந்தவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவரிடம் கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டி.வி. ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பிள்ளைகள் எல்லாரும் அவர் வீட்டுச் சிமெந்துத் தரையில் உட்காருவோம். பெரியவர்கள் வாசலில் நின்று, தாங்கள் பார்க்கவில்லை என்பதுபோலப் பார்ப்பார்கள்.

படம் இங்கிலீஷில் ஓடியது. கீழே சிங்கள எழுத்து வந்தது. சிங்களம் பேசத் தெரிந்தவர்கள் எங்கள் லயத்தில் பலர் இருந்தார்கள்; வாசிக்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை. ஆகவே இப்படியான படங்களுக்கு யாராவது ஒருவர் டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது வழக்கம். பெரும்பாலும் தொழிற்சாலைக்காரரின் மூத்த மகன்தான் சொல்வான். எல்லாக் கெட்டவர்களையும் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் குரலில் பேசவைப்பான். அன்று அவன் வீட்டில் இல்லை. எங்க அத்தைக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

அத்தை அப்பாவின் தங்கை. சிறுவயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய், அங்கேயே வளர்ந்து, திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். மற்றப் பெண்களோடு கொழுந்து பறிக்கப் போனாள். கொழும்பைப் பற்றிக் கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். கடல் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். “பாக்கல” என்றாள்.

படம் பார்த்ததற்கு அடுத்த ஞாயிறு நானும் கொழும்புக்குப் போவதாக இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளில் சேர்த்துவிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் டவுனிலிருந்து வருவார். உறவில்லாவிட்டாலும் அவரைக் கொழும்பு மாமா என்றுதான் அழைப்போம். எனக்கு ஒரு புதுச் சட்டையும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் தந்திருந்தார். சட்டையின் நிறம் உறுதியாக நினைவில்லை, எழுதாமல் விடுகிறேன். டாக்டர் வீடு என்றும், அவர்களுடைய குழந்தையோடு விளையாடினால் போதும் என்றும், பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள் என்றும் சொன்னார். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அம்மா நம்பினார். அப்பாவும் தலையாட்டினார். எனக்குச் சந்தோஷம்தான். அத்தையிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அத்தை முதலில் கதை சொல்ல மறுத்தாள். பிள்ளைகள் விடவில்லை. கேத்தல்காரன் ஒரு சிறுமியின் முன்னால் முழங்காலில் குனிந்து, அவள் காதில் ஏதோ சொல்லும் இடத்தில்தான் வாயைத் திறந்தாள்.

“பள்ளிக்கூடம் அனுப்புறேங்கிறான்.”

சிறுமி தலையாட்டினாள். பிள்ளைகள் ஏறிக்கொள்ள, கேத்தல் மேலே கிளம்பியது. ஊரே கையசைத்தது. அம்மா அப்பாவெல்லாம் சிரித்துக்கொண்டே அனுப்புகிறார்களே என்று ஒரு பையன் கேட்டான். அவர்களுக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறான் என்றாள் அத்தை.

மேகத்துக்கு மேலே அவன் வீடு. அங்கே கோப்பைகள் பாடின, தட்டுகள் ஆடின. பிள்ளைகள் நுரைக்குள் முழங்கைவரை கையை விட்டு அவற்றைக் கழுவினார்கள். நுரை பொங்கி அவர்களைத் தூக்கியது. நாங்கள் சிரித்தோம். அத்தையின் குரலில் மட்டும் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. வந்த அன்றைக்கே பாத்திரம் கழுவ விட்டுவிட்டான் என்றாள். இவர்களுக்குப் படுக்கை மாடிப்படிக்குக் கீழே, சாக்கின்மேல். வீட்டுக்காரர்கள் வெளியே போனால் கதவை வெளிப்பக்கமாகப் பூட்டிவிட்டுப் போவார்கள். கோப்பை உடைந்தால் அன்றைக்குச் சோறில்லை. இவற்றையெல்லாம் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே சொன்னாள். சற்றுப் பொறுத்து ஒரு கோப்பை ஆடிக்கொண்டே வந்து, துள்ளி விழுந்து உடைந்தது. எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு அந்தச் சிறுமி ஜன்னலருகே தனியாக நிற்கும் காட்சி வந்தது. கன்னத்தில் கண்ணீர்.

“ஏன் அத்தை அழுகுது?”

“தீபாவளிக்குக் கூட்டிட்டுப் போக வாரேன்னு அண்ணன் சொல்லியிருந்திச்சு. அதான் ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்குது.”

அந்தச் சிறுமிக்கு அண்ணன் இருப்பதை நான் படத்தில் எங்கும் பார்க்கவில்லை. கேத்தல் பறக்கும் ஊரில் தீபாவளி எப்படி வந்தது என்று எனக்குத் தோன்றவுமில்லை. படத்தில் அண்ணன் வரவில்லையே என்று மட்டும் கேட்டேன்.

“வராது. அதெல்லாம் காட்ட மாட்டாங்க.”

வாசலில் நின்றுகொண்டிருந்த அப்பா ஏரியலைத் திருப்பப் போனார். படம் தெளிவாகத்தான் இருந்தது.

முடிவதற்குள் பேட்டரி இறங்கிவிட்டது. படம் நாலு பக்கமும் சுருங்கி, ஒரு புள்ளியாகி அணைந்தது. அந்தப் பிள்ளைகள் திரும்பி வருவார்களா என்று கேட்டேன். வருவார்கள் என்றாள் அத்தை. “வளந்ததுக்கு அப்புறம்.”

பல வருடங்கள் கழித்து, பதுளையில் குடியிருந்தபோது, என் மகளோடு உட்கார்ந்து அதே படத்தை முழுவதுமாகப் பார்த்தேன். கேத்தல்காரன் எதற்காகப் பிள்ளைகளைத் தேடி வந்தான் என்பது கடைசியில்தான் தெரியும். அவன் வீட்டில் கோப்பைகள் ஏராளம். கூட இருந்து தேநீர் குடிக்க ஒருவருமில்லை. காதில் அவன் கேட்டது, உனக்குப் பிடித்த பாட்டு எது என்று. சிறுமி அழுவது பொழுது சாய்கிறதே, விளையாட்டு முடியப்போகிறதே என்று. இருட்டுமுன் எல்லாரையும் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கேத்தல் தரையைத் தொடும்வரை நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வயதில், பேட்டரி இறங்கிப் படம் பாதியில் நின்ற அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி ஆடினால் வெளியே ஓடுவேன். மாலையில் மலையிலிருந்து மூடுபனி இறங்கும். அதற்குள்ளே அந்தக் கேத்தல் இருக்கிறது, ஆவியைத் தணித்துக்கொண்டு நமது லயத்தைத் தேடுகிறது என்று நினைப்பேன். கொழும்பு மாமாவுக்கும் கேத்தல்காரனுக்கும் தொடர்பு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை அவர் வந்தார். புதுச் சட்டையோடு நின்ற என்முன் முழங்கால் மடித்துக் குனிந்து, காதருகே வாயைக் கொண்டுவந்தார்.

“பெரிய பள்ளிக்கூடம், பாப்பா.”

அவரைத் தள்ளிவிட்டு ஓடினேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில், சாக்குக் குவியலுக்குப் பின்னால் போய் ஒடுங்கினேன். என் பெயரைச் சொல்லி அழைக்கும் குரல்கள் பனிக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. மூச்சு விட்டால் கேட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். சாக்கை விலக்கியது அப்பா. தூக்கிக்கொண்டு வரும் வழியெல்லாம் அவர் சட்டையைக் கடித்துக்கொண்டு நடுங்கினேன்.

வீட்டில் மாமா நாற்காலியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பிடித்து இழுத்தார். ஒரு பொம்மைப் படத்துக்குப் போய் இந்தப் பாடா என்று அத்தையைத் திட்டினார். அத்தை பின்கட்டில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்; திரும்பவில்லை.

“வேணாங்க,” என்றார் அப்பா. “புள்ள பயப்படுது.”

மாமா சிரித்தார். “எல்லாப் புள்ளயும் மொத நாளு இப்படித்தான். பஸ் ஏறினா சரியாப்போகும். ஒங்க தங்கச்சி மட்டும் என்ன, சிரிச்சுக்கிட்டா வந்திச்சு? அன்னைக்கு நீங்கதானே அது கைய ஒதறிட்டு பஸ்ஸ விட்டு எறங்கிப் போனீங்க.”

விறகு அடுக்கும் சத்தம் நின்றது. அத்தையும் என்னைப்போல் பயந்தவள்தான் என்று எனக்கு அந்த நடுக்கத்திலும் ஒரு ஆறுதல் வந்தது. அப்பா என்னை இறக்கவே இல்லை. மாமா போகும்வரை அப்படியே நின்றார். போகும்போது அவர் பிஸ்கட் பெட்டியைத் திரும்பக் கேட்டார். அதில் மூன்று பிஸ்கட் மிச்சம் இருந்தது, அம்மா எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலை அத்தை வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்கள் இருவரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பா கேட்டார்:

“கதவ வெளியில பூட்டுவாங்கன்னு சொன்னியே...”

அத்தை சுளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“படத்துலயாண்ணே?”

அப்பா எழுந்து போகவில்லை. பேட்டரி இறங்கியதால் நாங்கள் பார்க்காமல் விட்ட மீதிக் கதையை அத்தை இப்போது சொல்லப்போகிறாள் என்று நினைத்து, நான் ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.