நன்றி வாங்கிய அல்ட்டன் வீம்ஸ்

எங்கள் விரிகுடாவில் சேற்றில் அமர்ந்திருக்கும் பழைய போர்க்கப்பலைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அல்ட்டன் வீம்ஸிடம்தான் மாட்டுவார்கள். காகித ஆலையில் முப்பத்தாறு வருடம் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல் அருங்காட்சியகமான பிறகு செத்துக் கிடந்த அதன் டெலிபோன்களை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பியவர் அவர். அவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை, பேசுகிறவர் குரலின் பலத்திலேயே ஓடும். மேலே பீரங்கிக் கூண்டில் ஒரு குழந்தையையும் ஐந்து தட்டு கீழே வெடிமருந்து அறையில் இன்னொன்றையும் நிறுத்தி, "இப்பப் பேசு" என்பார். அப்புறம் அந்தக் குழந்தைகளைக் கிளப்பிக்கொண்டு போவதற்குள் பெற்றோருக்கு மூச்சு முட்டிவிடும்.

நானும் அங்கே வழிகாட்டிதான். என் பங்கு சமையல்கூடமும் ரொட்டி அடுப்பும். அத்தனை ஏணிகளையும் ஏறி இறங்கி, இரும்பு வாசல்படிகளில் முழங்காலை இடித்துக்கொண்டு என்னிடம் வந்து சேர்பவர்கள், கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்பார்கள். நான் இனிச் சொல்லப்போவதில் பொறாமை கலந்திருந்தால் காரணம் இதுதான்.

சம்பளமில்லாமல் நூறு மணி நேரம் உழைத்த எல்லோருக்கும் அங்கே ஒரு தொப்பி தருவார்கள். கருநீலத் துணியில் பொன்னிற நூலால் கப்பலின் பெயர் இருக்கும். தலை வியர்க்கிறது என்று என்னுடையதைக் காரின் பின் இருக்கையில் போட்டுவிட்டேன். வீம்ஸ் தினமும் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் நாட்டில் ஒரு கிழவர் கப்பல் பெயர் போட்ட தொப்பியை மாட்டியிருந்தால் யாரும் எதுவும் விசாரிப்பதில்லை. அந்தக் கப்பலில் போர் செய்தவர் என்று நினைத்து, நேராக வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

"நாட்டுக்காக நீங்க செஞ்சதுக்கு ரொம்ப நன்றி, ஐயா."

முதல்முறை ஒரு பெண் இப்படிச் சொன்னபோது வீம்ஸ் மறுக்க வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அடுத்த ஏணிக்குப் போய்விட்டாள். இரண்டாம் முறை வாயைத் திறக்கவில்லை. ஒன்பது வருடத்தில் அவர் தன் வாயால் ஒரு பொய்யும் சொன்னதில்லை. "நீங்க வந்ததே சந்தோஷம்" என்பார், அவ்வளவுதான்.

உண்மையை என்னிடம் ஒரு மதிய இடைவேளையில் சொன்னார். பொட்டலத்திலிருந்து வேகவைத்த நிலக்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். இரண்டாம் உலகப் போரின்போது, பதினெட்டு வயதில் கடற்படையில் சேரப் போயிருக்கிறார். செவிப்பறையில் ஓட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போர் முடியும்வரை கப்பல் கட்டும் தளத்தில் மின்கம்பி இழுத்தார். ஒருநாள் டிராமில் ஒரு தாய், எல்லோர் முன்னாலும், "எம்புள்ள அங்க சாகுறான், உனக்கு என்ன கேடு?" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஏழு மைல் நடந்தே வீட்டுக்குப் போனாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், நான் கொரியாச் சண்டையில, பனியில ரெண்டு கால்விரலை விட்டுட்டு வந்தவன். எங்கிட்ட கக்கூஸ் எங்கன்னு கேக்குறாங்க. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவுறாங்க!"

"தொப்பியை எடுத்து மாட்டிக்கய்யா. உங்கிட்டயும் அழுவாங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "விட முடியல, டூயி. ஒருத்தர் வந்து கையைப் பிடிக்கிற அந்த நிமிஷம், டிராம்ல அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு தோணுது."

நான் அவரை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் என்றாவது பிடிபடுவார் என்று உள்ளுக்குள் காத்திருந்தேன். நல்ல மனசு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஏப்ரலில் ஒவ்வொரு வருடமும் அந்தக் கப்பலில் போர் செய்த பழைய மாலுமிகள் கூடுவார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த வாரத்தில் வீம்ஸுக்குக் காய்ச்சல் வரும். அந்த வருடம் ஆள் பற்றாக்குறை. மேலாளர் வீட்டுக்கே போன் செய்து கெஞ்சியதால் வந்துவிட்டார். வந்த மாலுமிகள் பதினோரு பேர், எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். காலையிலிருந்து அவர்களை ஏணி ஏற்றி இறக்கியதும், கைத்தடிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்ததும் வீம்ஸ்தான்.

மதியம் பின்தளத்தில் பெரிய பீரங்கிகளுக்குக் கீழே புகைப்படம். வருடா வருடம் எடுத்து, நுழைவுக் கூடத்துச் சுவரில் மாட்டுவார்கள். மாலுமிகள் வரிசையாக நின்றார்கள். புகைப்படக்காரி வீம்ஸின் தொப்பியைப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க ஏன் ஒதுங்கி நிக்கிறீங்க? உள்ள வாங்க."

ஓரத்தில் நின்றிருந்த மெர்ல் ஹோட்டலிங், போரில் பீரங்கிக் குழுவில் இருந்தவர், கையை நீட்டி அவரை இழுத்து வரிசையில் நிறுத்திக்கொண்டார். "வாய்யா, என்ன வெக்கம்! எந்தப் பிரிவு நீ?"

அதற்குள் புகைப்படக்காரி காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். பேசாமல் நின்றிருந்தால் போதும். அந்தச் சுவரில் என்றைக்கும் இருந்திருப்பார். நான் கொடிக்கம்பத்தருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீம்ஸ் வரிசையிலிருந்து வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"நான் உங்க ஆளு இல்லீங்க. போருக்கே போகல. காது சரியில்லைன்னு வேண்டாம்னுட்டாங்க."

மெர்லுக்கு முகம் சிவந்துவிட்டது.

"காலையில ஒரு குடும்பமே உன் கையைக் குலுக்குச்சே, பாத்தேன். எத்தனை வருஷமா இந்த நன்றியை வாங்குறே?"

"ஒன்பது வருஷம்."

"செத்துப்போன எங்க பசங்களுக்குச் சேர வேண்டியதுய்யா அது."

"தெரியும்."

"அப்ப தள்ளி நில்லு."

தள்ளி நின்றார். மெர்ல் தன் கைத்தடியைப் பார்த்தார். படத்தில் தடி தெரிய வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, அதை வீம்ஸிடம் நீட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி, ஏழு தடிகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வீம்ஸ் காமிராவுக்குப் பின்னால் நின்றார். எனக்கு அவர்மேல் அதுவரை இருந்த பொறாமைக் காய்ச்சல் அங்கேயே இறங்கிவிட்டது. என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

படம் எடுத்து முடிந்ததும், எது யாருடையது என்று கேட்காமலே அவரவர் தடியை அவரவர் கையில் கொடுத்தார். மெர்ல் வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை.

மறுநாள் வீம்ஸ் வெறுந்தலையோடு வந்தார். போருக்குப் போனீர்களா என்று யாராவது கேட்டால், "இல்லீங்க, என்னைச் சேத்துக்கல. வாங்க, டெலிபோன் காட்டுறேன்" என்றார். கேட்டவர்களில் சிலர் முகம் சட்டென்று வாடிவிடும். அதையும் தாங்கிக்கொண்டு நாலு வருடம் வேலை பார்த்தார்.

இறந்தபோது எங்கள் ஊர்ப் பத்திரிகையில் அவருடைய மரணச் செய்தி வந்தது. படைவீரர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய தேசியக் கொடி போடுவது இங்கே வழக்கம். போர்க்கப்பல் என்ற சொல்லைப் பார்த்த யாரோ, அவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். நான் பத்திரிகையோடு அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி யூலா டெலிபோனில் இருந்தார். மறுமுனையில் பத்திரிகை அலுவலகத்து இளைஞன். இருந்துவிட்டுப் போகட்டுமே, மரியாதைதானே என்று சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது.

"நாளைக்கும் போடுவீங்கல்ல, அதுல எடுத்துடுங்க, தம்பி" என்றார் யூலா. "இதே மாதிரி ஒண்ணைத் தலையிலேருந்து கழட்ட அந்த மனுசன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."